ட்ரம்பெட் எங்கே போச்சு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, சிகாகோ குழு 1982-ல் வெளியிட்ட ‘ஹார்ட் டு சே ஐ'ம் ஸாரி’ (‘ஸாரி சொல்வது கஷ்டம்’ என்று அர்த்தம்) என்ற சிங்கிள், அதாவது தனியாக வெளியிடுகிற பாட்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வடசென்னையிலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ‘எனக்கும்தான்’ என்கிறார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதனால் இந்த முறை பகுதி முழுக்க அந்தப் பாட்டுக்குத்தான்.

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சார், எனக்கு இங்கிலீஷ் பாட்டு அவ்வளவாகப் பழக்கமில்லை. சிகாகோ என்றால் ஊர்ப் பேர் என்றுதான் தெரியும். யார் இவர்கள்? அந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

ஊர்ப் பேரேதானம்மா. அமெரிக்காவில் அந்த நகரத்தில் 1967-ல் சேர்ந்த குழு. முதலில் ‘தி பிக் திங்’ என்று பேர், அப்புறம் ‘சிகாகோ ட்ரான்ஸிட் அத்தாரிட்டி’ என்று வைத்துக்கொண்டார்கள். அது அங்கே பஸ்ஸும் ரயிலும் ஓட்டுகிற அமைப்பின் பேர். நம் ஊர்ப் பையன்கள் பாட்டுக் குழுவுக்கு ‘மாநகர் போக்குவரத்துக் கழகம்’ என்று பேர் வைப்பது மாதிரி. 1969-ல் அதே பேரில் முதல் ஆல்பம் வந்தது, அதுவும் எடுத்த எடுப்பிலேயே இரட்டை எல்பி, அதாவது இரண்டு இசைத்தட்டு. நிஜப் போக்குவரத்து அமைப்பு வழக்குப் போடுவோம் என்றதும் பேரைச் சுருக்கி வெறும் ‘சிகாகோ’ ஆக்கிக்கொண்டார்கள். அப்புறம் வந்த ஆல்பங்களுக்கும் பெரும்பாலும் பேர் கிடையாது, எண்தான். நம் பாட்டு இருப்பது ‘சிகாகோ 16’-ல்.

எழுதியவர்கள் இரண்டு பேர்: குழுவின் பேஸ் கிட்டார்காரரும் பாடகருமான பீட்டர் செட்டெரா, ஆல்பத்தின் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர். 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே வருடம் வந்த ‘சம்மர் லவ்வர்ஸ்’ என்ற படத்திலும் உண்டு.

என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் ஒரு பியானோ. அவசரமே இல்லாமல் ஆரம்பிக்கும். அதன் மேல் ஒரு உயரமான ஆண் குரல், கிட்டத்தட்டக் காதோரத்தில் பேசுகிற அளவுக்குச் சன்னமாக. பல்லவிக்கு வரும்போது மற்ற வாத்தியங்களும் கூடப் பாடும் குரல்களும் சேர்ந்துகொண்டு பாட்டு சட்டென்று அகலமாகிவிடும். திரும்பச் சுருங்கும், திரும்ப அகலும். அவ்வளவுதான் அமைப்பு. ராத்திரி வீடு அடங்கியபிறகு ஹெட்போனில் கேட்டுப் பாரம்மா, வார்த்தை பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை.

பெரம்பூரிலிருந்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்: தம்பி, நாங்கள் சிகாகோவின் ‘ட்வென்டி ஃபைவ் ஆர் சிக்ஸ் டு ஃபோர்’ கேட்டு வளர்ந்தவர்கள். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸில் பேண்டுக்காரர்கள் அந்த ட்ரம்பெட்டை ஊதும்போது பலகைத் தரை அதிரும். அப்படிப்பட்ட குழு 1982-ல் ஒரு பியானோவை வைத்துக்கொண்டு அழுதது. ட்ரம்பெட் எங்கே போச்சு? இது ரசிகனுக்குச் செய்த துரோகம் இல்லையா? இதைப் போய் நீங்கள் புகழலாமா?

ஐயா, நானும் பெரம்பூர்க்காரன்தான். உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிற ஐசிஎஃப் என்று நம் பக்கம் முழுக்க ரயில்வே. ரயில்வே என்றால் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், அவர்கள் இருந்தால் பேண்டு, டான்ஸ், கிறிஸ்துமஸ் மாதம் முழுக்கத் தெருவில் பாட்டு. அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். போனவர்களோடு சேர்ந்து போன சத்தம் அந்த ட்ரம்பெட். அதனால் அது ஒரு பாட்டில் இல்லையென்றால் உங்களுக்கு ஆள் யாரோ இல்லாத மாதிரி இருப்பது நியாயம்தான்.

இருந்தாலும் ‘துரோகம்’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1978 ஜனவரி 23-ம் தேதி அந்தக் குழுவின் கிட்டார்காரர் டெர்ரி காத் இறந்துபோனார். கையில் இருந்த துப்பாக்கி தவறி வெடித்துப் போன உயிர். 32 வயது முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. நீங்கள் சொல்கிற 1970-ம் வருடப் பாட்டில் அந்த நீண்ட கிட்டார் வாசிப்பு அவருடையதுதான். அவர் போனபிறகு குழு தடுமாறியது. 1979-ல் வந்த 13-வது ஆல்பத்தில் டிஸ்கோவைத் தொட்டுப் பார்த்தார்கள். 1980-ல் வந்த 14-வது ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 71-ம் இடத்தைத் தாண்டவில்லை. பத்து வருடத்துக்கு மேல் கூட இருந்த கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி அத்தோடு அவர்களை விட்டுவிட்டது. ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒரு ஆல்பம் போட்டு எல்லாவற்றையும் விற்றவர்கள், 1981-ல் கம்பெனி இல்லாமல் நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் பில் சாம்ப்ளின் என்ற பாடகர் குழுவில் சேர்ந்தார், டேவிட் ஃபாஸ்டர் தயாரிப்பாளராக வந்தார். இந்த இரண்டு பேரும் ஜே க்ரேடனும் சேர்ந்து ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழுவுக்கு ‘ஆஃப்டர் தி லவ் ஹேஸ் கான்’ என்ற பாட்டை எழுதிக் கொடுத்துக் கிராமி விருது வாங்கியவர்கள். ஃபாஸ்டர் கனடாக்காரர், கையில் பியானோ, மனதில் மெலடி. அவர் வந்ததும் குழுவின் சத்தத்தையே மாற்றினார். செட்டெராவோடு உட்கார்ந்து தானும் பாட்டு எழுதினார், டோட்டோ குழுவிலிருந்து ஸ்டீவ் லூக்கத்தர், டேவிட் பைச், ஸ்டீவ் போர்காரோ என்று ஆட்களை வாசிக்கக் கூப்பிட்டார், சிந்தசைஸரைக் கொண்டுவந்தார். ஊதுகிற மூன்று பேர் – ட்ரம்பெட் லீ லாக்னேன், ட்ராம்போன் ஜேம்ஸ் பான்கோ, சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வால்டர் பாராஸைடர் – இந்தப் பாட்டின் மெதுவான பகுதியில் சும்மா இருக்க வேண்டியிருந்தது. குழுவைத் தொடங்கியவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது வலித்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, உங்களுக்கு வலிப்பதைவிட அதிகமாகவே.

ஆனால் மென்மை என்பது ஃபாஸ்டர் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊசி போட்ட மருந்து இல்லை, ஐயா. நீங்கள் கேட்டு வளர்ந்த அதே 1970-ம் வருட இரண்டாவது ஆல்பத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அதில் ‘கலர் மை வேர்ல்டு’ இருக்கிறது. உங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஸ்லோ டான்ஸுக்கு அதை வாசித்திருந்தால் உங்களுக்கே ஞாபகம் வரும். ஒரு பியானோ திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஏறி இறங்கும், கொஞ்சமே கொஞ்சம் பாட்டு, பிறகு புல்லாங்குழல். அதை எழுதியவர் யார்? ட்ராம்போன் ஊதுகிற ஜேம்ஸ் பான்கோ. பாடியவர் யார்? டெர்ரி காத், கிட்டாரில் இடி இடிக்கிறாரே, அவரேதான். புல்லாங்குழல் வாசித்தவர் பாராஸைடர். ஆக, இந்தக் குழுவின் மிக மென்மையான பாட்டை உண்டாக்கியவர்களே அதன் முரட்டுச் சத்தத்தையும் உண்டாக்கியவர்கள். 1976-ல் செட்டெரா எழுதிப் பாடிய ‘இஃப் யூ லீவ் மீ நவ்’ அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் பிடித்து கிராமியும் வாங்கியபோது டெர்ரி காத் உயிரோடு குழுவில் இருந்தார். அந்தக் குழுவுக்கு அமெரிக்காவில் முதல் முதலிடமே அதுதான், ட்ரம்பெட் அதிர்கிற பாட்டு எதுவும் இல்லை. அவர்களுக்கு இரண்டு முகமும் முதலிலிருந்தே உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். ட்ரம்பெட் எங்கேயும் போகவில்லை, நாம் கேட்ட வடிவத்தில் வெட்டிவிட்டார்கள். ரேடியோவுக்குப் போன சிங்கிள் நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆல்பத்தில் அந்தப் பாட்டின் பேரே ‘ஹார்ட் டு சே ஐ'ம் ஸாரி/கெட் அவே’. ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். மெதுவான பாட்டு தேய்ந்து முடிகிறது என்று நினைக்கிற இடத்தில் தாளம் எகிறும், மூன்று ஊதுவாத்தியமும் ஒன்றாக வந்து விழும். அந்தப் பின்பகுதியை செட்டெராவோடும் ஃபாஸ்டரோடும் சேர்ந்து எழுதியவர் ராபர்ட் லாம். உங்களுடைய ‘ட்வென்டி ஃபைவ் ஆர் சிக்ஸ் டு ஃபோர்’ எழுதினாரே, அதே லாம்! இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த மன்னிப்பு முழுக்க அடக்கி வைத்த மூச்சு, அது கடைசியில் வெளியே வருகிறது. வருகிற இடத்தில் ட்ரம்பெட்டைத் தவிர வேறு எதை வைத்தாலும் பொருந்தாது. நாலு நிமிடம் அது இல்லாமல் இருந்ததால்தான் வந்தவுடன் மயிர்க்கூச்செறிகிறது. முதலிலிருந்தே ஊதியிருந்தால் அந்த இடம் வெறும் இன்னொரு சத்தம்.

அதனால்தான் நான் இந்தப் பாட்டைப் புகழ்கிறேன், அதன் முழு வடிவத்தை. வால் இல்லாத சிங்கிள் நல்ல பாட்டு. வாலோடு கேட்டால் ஒரு குழுவின் கதை.

ஒன்றில் உங்களோடு ஒத்துப்போகிறேன். இது ஜெயித்தது என்பதால் இதையே அச்சாக வைத்து அடுத்தடுத்து வார்த்தார்கள். 1984-ல் ‘சிகாகோ 17’ வந்தது, ‘ஹார்ட் ஹேபிட் டு ப்ரேக்’, ‘யூ ஆர் தி இன்ஸ்பிரேஷன்’ இரண்டும் மூன்றாம் இடம் வரை போயின, ஆல்பம் அவர்கள் வாழ்க்கையிலேயே அதிகம் விற்றது. முதல் பாட்டில் ஊதுவாத்தியத்துக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது என்பேன். ஆனால் 1988-ல் ‘லுக் அவே’ முதலிடம் பிடித்தபோது, எழுதியது வெளியிலிருந்து டயான் வாரன், பாடியது சாம்ப்ளின்; கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது எந்தக் குழு என்று சொல்ல முடியாது. உங்கள் கோபத்தை அங்கே வையுங்கள், நானும் பக்கத்தில் நிற்கிறேன். 1982 பாட்டை விட்டுவிடுங்கள்.

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, செட்டெரா பாடும்போது வாயைத் திறக்காமலே பாடுகிற மாதிரி இருக்கிறது. வீடியோவிலும் தாடை அசைவதே தெரியவில்லை. ஸ்டைலா?

ஸ்டைலாக ஆனது, ஆரம்பித்தது அடிதடியில். 1969-ல் லாஸ் ஏஞ்சலஸில் பேஸ்பால் பார்க்கப் போன இடத்தில் அவருடைய நீளமான முடியைப் பிடிக்காத ராணுவக்காரர்கள் சிலர் அவரை அடித்துத் தாடையை உடைத்துவிட்டார்கள். கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு திரும்ப மேடைக்கு வர வேண்டியிருந்தது, அதனால் பல்லைக் கடித்த மாதிரியே பாடப் பழகினார், அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. இந்தப் பாட்டில் அது எப்படி உதவுகிறது என்று கவனியுங்கள். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் தவிக்கிற ஒருவனின் பாட்டு இது. பாடுகிறவர் தாடை இறுகியே இருக்கிறது. வாய் நிறையத் திறந்து கணீரென்று பாடுகிற ஒரு பாடகர் இதைப் பாடியிருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டோம்.

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர்: சார், எங்கப்பா அந்தக் காலத்தில் பர்மா பஜாரில் டிடிகே கேசட் வாங்கி, ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வைத்தது. அதில் இந்தப் பாட்டும் இருக்கிறது, அட்டையில் அப்பா கையெழுத்து. இப்போது போட்டால் சத்தம் மங்கி மங்கி வருகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. காப்பாற்ற முடியுமா?

தூக்கிப் போடாதீர்கள், முக்கால்வாசி முடியும். கடலோரக் காற்றில் இத்தனை வருடம் இருந்த கேசட்டுக்கு வழக்கமாக வருகிற கோளாறு இரண்டு மூன்றுதான்.

முதலில் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் நல்ல ப்ளேயரில் போடக்கூடாது, நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பூஞ்சை இல்லை என்றால், கேசட்டின் கீழ் விளிம்பில் நாடா வெளியே தெரிகிற நடு இடைவெளியைப் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னச் செம்புத் தகடு, அதன் நடுவில் ஒட்டின ஒரு குட்டித் துண்டுப் பஞ்சு இருக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அந்தப் பஞ்சுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் மேல் ஸ்தாயி எல்லாம் போய், நீங்கள் சொல்கிற மாதிரி மங்கி மங்கித்தான் கேட்கும். கேசட்டில் ஐந்து திருகாணி இருந்தால் கழற்றி, உதவாத வேறொரு கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றிவிடலாம். இல்லையென்றால் இரண்டு சுருளையும் அப்படியே நல்ல கூட்டுக்குள் மாற்றுங்கள், நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு. அப்பா கையெழுத்துப் போட்ட லேபிளைக் கிழிக்காமல் பழைய கூட்டை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

ப்ளேயரின் ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் துடையுங்கள், காயவிடுங்கள். கேசட் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. அப்புறம் ஒரு முறை கடைசி வரை ஓட்டிவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கிற அடுக்குகள் விலகும். இன்னும் மந்தமாக இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை, பாட்டு ஓடும்போதே, இம்மி இம்மியாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் சத்தம் பளிச்சென்று திறக்கும், அங்கே நிறுத்துங்கள்.

பிறகு ப்ளேயரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான். அளவு காட்டுகிற கோடு சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பதியுங்கள். பாட்டு பாட்டாகத் துண்டு போட வேண்டாம் என்பேன். எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்று வரிசை வைத்தது உங்கள் அப்பா, அதுவும் சேர்ந்துதான் அந்தக் கேசட்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்: செட்டெரா இப்போதும் குழுவில் இருக்கிறாரா?

இல்லை, 1985-லேயே விலகிவிட்டார். அடுத்த வருடமே தனியாக ‘குளோரி ஆஃப் லவ்’ பாடி முதலிடம் பிடித்தார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் ஷெஃப், எல்விஸ் ப்ரெஸ்லிக்கு பேஸ் வாசித்த ஜெர்ரி ஷெஃப்பின் மகன். 2016-ல் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோதுகூட செட்டெரா மேடைக்கு வரவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம் ஆகப்போகிறது. சின்னதாக ஹால் பிடித்து விசேஷம் வைக்கிறோம். என் மனைவி முன்னால் இந்தப் பாட்டைப் பாட ஆசை. மன்னிப்புக் கேட்கிற பாட்டை நல்ல நாளில் பாடலாமா? சொந்தக்காரர்கள் என்னமோ ஏதோ என்று நினைப்பார்களா?

தாராளமாகப் பாடுங்கள். ஆனால் பாட்டு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பாடுங்கள். காதலிக்கிறவர்களுக்குக்கூடக் கொஞ்சம் தள்ளியிருக்கிற நேரம் வேண்டும் என்று பேச்சு ஆரம்பிக்கும். அடுத்து, உன்னை விட்டு ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை என்று அவனே உடைந்துவிடுவான். என்ன தப்புச் செய்தான் என்று கடைசி வரை சொல்லவே மாட்டான். மன்னித்துக்கொள் என்பதற்கு முன்னால் என்னைக் கட்டிக்கொள் என்கிறான். இவ்வளவையும் கடந்து வந்துவிட்டோம், ஈடு செய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். 25 வருடம் ஒரு வீட்டில் இருந்த இரண்டு பேருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைப்பது கஷ்டம். சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே மைக்கில் இரண்டு வரியில் தமிழில் அர்த்தத்தைச் சொல்லிவிடுங்கள், கைதட்டுவார்கள்.

பாடுவதுதான் சிரமம். செட்டெராவின் குரல் ரொம்ப உயரம், நம்மில் பெரும்பாலானோர் பல்லவியில் கிறீச்சிட்டுவிடுவோம். கீபோர்டுக்காரரிடம் ட்ரான்ஸ்போஸ் போட்டு மூன்று நாலு கட்டை இறக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் அடிகளைப் பேசுகிற மாதிரியே பாடுங்கள், அங்கேயே முழுக் குரலைப் போட்டால் பல்லவிக்கு மிச்சம் இருக்காது. ரெக்கார்டிங் டிராக் போடுகிறீர்கள் என்றால் அது சிங்கிள் வடிவமா, பின்பகுதியோடு சேர்ந்ததா என்று முதல் நாளே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு இளைஞர்: அண்ணா, நான் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதறேன். கல்யாணம், கோயில், சர்ச் தேர், சாவு எல்லாத்துக்கும் போவோம். கானா பாடற ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து சொந்தமா பாட்டு பண்ண ஆசை. ஆனா ட்ரம்பெட்னா சத்தமா ஊதினாத்தான்னு எல்லாரும் சொல்றாங்க. இந்த மாதிரி மெதுவான பாட்டுல அதுக்கு இடம் இருக்கா?

இருக்குப்பா, நிறையவே இருக்கு. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

சிகாகோ குழுவை நீ கேட்க வேண்டியது ஊதுகிறவன் காதோடு. பெரும்பாலான ராக் குழுவில் ஊதுவாத்தியம் பாடகருக்குப் பின்னால் அலங்காரம். இவர்களிடம் அதுவே இன்னொரு பாடகர். மேலே ட்ரம்பெட், நடுவில் சாக்ஸபோன், கீழே ட்ராம்போன், மூன்றே பேர். அந்த மூன்று குரலை எப்படி அடுக்குவது என்று எழுதியவர் பெரும்பாலும் பான்கோ. பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளி இருக்கிறது பார், அங்கே பதில் சொல்லிவிட்டு, அடுத்த வரி தொடங்கும் முன்னால் விலகிவிடுவார்கள். கானாவில் பாட்டுக்காரர் ஒரு அடி பாடி நிறுத்தும்போது கூட இருப்பவர்கள் வாங்கிப் பாடுகிறார்களே, அந்த இடம்தான் உன் இடம். உன் ட்ரம்பெட்டை அங்கே உட்கார வை. தாளத்தின் மேல் ஏறி ஊதாதே.

மெதுவாக ஊதுவது சத்தமாக ஊதுவதைவிடக் கஷ்டம், இதை உன் பேண்டு மாஸ்டரும் சொல்வார். மூச்சு வயிற்றிலிருந்து அதே வேகத்தில் வர வேண்டும், அளவு மட்டும் குறைய வேண்டும். தினமும் காலையில் ஒரே சுரத்தைக் கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஆரம்பித்து, பெரிதாக்கி, திரும்பச் சன்னமாக்கி நிறுத்திப் பழகு, சுருதி ஆடக்கூடாது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ட்ரம்பெட் வாயில் மாட்டிச் சத்தத்தை அடக்குகிற ஒரு கப் மியூட் வாங்கு, வீட்டில் பழகவும் உதவும், பதிவு செய்யும்போது குரலோடு ஒட்டிப்போகிற சத்தமும் கிடைக்கும். கீபோர்டோடு சேரும்போது ஒன்று ஞாபகம் வை: உன்னுடையது பி ஃப்ளாட் ட்ரம்பெட் என்றால், அவர் ‘ஸி’ என்று சொன்னால் நீ ‘டி’ ஊத வேண்டும். பேண்டில் எல்லாரும் அதற்கேற்ற மாதிரி எழுதி வைத்திருப்பதால் இது தெரியாமலே ஓடிவிடும், வெளியே வந்தால் முதல் நாளே இடிக்கும்.

கானாவும் ராக்கும் சேருமா என்று யாராவது கேட்டால், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற சென்னைக் குழு 2018 ஜனவரியில் மேடை ஏறியதைக் காட்டு. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் நின்றது, சென்னையே பார்த்தது. ‘சிகாகோ ட்ரான்ஸிட் அத்தாரிட்டி’ ஆல்பத்தில் ‘இன்ட்ரொடக்‌ஷன்’ என்று முதல் பாட்டு, அதில் ஆரம்பி. அப்புறம் ‘ட்வென்டி ஃபைவ் ஆர் சிக்ஸ் டு ஃபோர்’. அதற்குப் பிறகு நம் 1982 பாட்டின் ஆல்பம் வடிவம், கடைசி வரை. பாட்டு பண்ணி முடித்ததும் எங்களுக்கு அனுப்பு, இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: இதே பாட்டை வாத்தியம் அதிகம் இல்லாமல் நாலைந்து ஆண்கள் அடுக்கடுக்காகப் பாடுகிற ஒரு பதிவு கேட்டிருக்கிறேன். அது யார்?

‘ஆஸ் யெட்’ என்ற ஆர்அண்ட்பி குழு, 1997. செட்டெராவே வந்து அதில் கூடப் பாடியிருக்கிறார், அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை போனது. குரல் அடுக்கு அழகாக இருக்கும், கேளுங்கள். ‘கெட் அவே’ மட்டும் அதில் கிடையாது.